பீரங்கிக்குப் பின்னால் நின்றவர்கள்

பினாங்கு கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போனவர்களில் பலர் ஸ்ரீ ரம்பை பீரங்கியோடு ஒரு படமாவது எடுத்திருப்பீர்கள். 1603ஆம் ஆண்டு டச்சுக்காரர்கள் வார்த்த வெண்கலப் பீரங்கி அது. பிள்ளை வரம் வேண்டி அதற்குப் பூ வைத்த கதையையும் கேட்டிருப்பீர்கள்.

அண்மையில் ஓர் அருங்காட்சியகத்தில் நான் பார்த்தது வேறு வகை. பாய்மரப் போர்க்கப்பலில் இருந்த பீரங்கியின் சின்ன மாதிரி. கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மை போல உட்கார்ந்திருந்தது. மரவண்டி, நான்கு குட்டிச் சக்கரங்கள், இரண்டு பக்கமும் கயிறும் கப்பியும்.

பக்கத்தில் நின்ற ஒரு பையன் அப்பாவைக் கேட்டான்: "கப்பலுக்குள்ள எதுக்குப்பா சக்கரம்? எங்க ஓட்டிட்டுப் போவாங்க?"

"நல்ல கேள்விடா" என்று சொல்லிவிட்டு அப்பா அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிட்டார்!

உண்மையிலேயே நல்ல கேள்விதான். அந்தச் சக்கரம் ஊர்வலம் போவதற்கு அல்ல, உதை வாங்குவதற்கு. நெல்சனின் விக்டரி கப்பலை எடுத்துக்கொள்வோம். 1805இல் டிரஃபால்கர் போரில் முன்னின்ற கப்பல். அதில் 104 பீரங்கிகள். கீழ்த்தளத்தில் இருந்த பெரிய பீரங்கி ஒவ்வொன்றும் இரண்டரை டன்னுக்கு மேல் எடை; இரண்டு மைவி கார்களை விட அதிகம். அது சுட்ட இரும்புக் குண்டு 14 கிலோவுக்கு மேல். அந்தக் குண்டு முன்னால் பாயும்போது பீரங்கி பின்னால் பாயும். அசையாமல் கட்டிப்போட்டால் கப்பலின் மரச்சுவரையே பிய்த்துக்கொண்டு வரும். அதனால் சக்கரத்தில் உருண்டு பின்வாங்க விட்டு, தடித்த வடம் ஒன்றால் பிடித்து நிறுத்தினார்கள்.

பின்வாங்கி நிற்கும் பீரங்கியின் வாய் இப்போது கப்பலுக்குள் இருக்கும். ஈரத் துடைப்பானை உள்ளே விட்டு நெருப்புப் பொறியை அணைக்க வேண்டும். வெடிமருந்துப் பை, குண்டு, அடைப்பு எல்லாவற்றையும் உள்ளே தள்ளி இடிக்க வேண்டும். பிறகு தேர் வடம் இழுப்பது போல எல்லாரும் சேர்ந்து கயிற்றை இழுத்து, பீரங்கியின் வாயைக் கப்பலுக்கு வெளியே நீட்ட வேண்டும். தேர்ந்த குழு இத்தனையையும் சுமார் ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிடும். தாழ்வான கூரை, கண் தெரியாத புகை, காதைப் பிளக்கும் சத்தம். தலையில் துணியைச் சுற்றிக் காதை மூடிக்கொள்வார்கள். அதுதான் அவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு. ஹெட்ஃபோன் மாட்டிப் பிழைப்பு நடத்தும் எனக்கு அந்தக் காதுகளை நினைத்தால் என்னவோ செய்கிறது.

வெடிமருந்து எங்கிருந்து வரும்? கப்பலின் அடிவயிற்றில், நீர்மட்டத்துக்குக் கீழே இருந்த அறையிலிருந்து. ஒரு பொறி பட்டால் கப்பலே போய்விடும் என்பதால் அங்கே விளக்கைக்கூடக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் வைத்தார்கள். அங்கிருந்து மருந்துப் பையை மூடி போட்ட பெட்டியில் வைத்துச் சுமந்து, மேலும் கீழும் ஓடியவர்களில் பலர் சிறுவர்கள். டிரஃபால்கரில் விக்டரி கப்பலில் 12 வயதுப் பையனும் இருந்தான். நம் வீட்டில் அந்த வயதுப் பிள்ளையைத் தனியாகச் சாலையைக் கடக்க விடவே யோசிக்கிறோம்.

சிறுவர்கள் மட்டுமா? பெண்களும் இருந்தார்கள். சில மாலுமிகளின் மனைவியர் கப்பலிலேயே வாழ்ந்தார்கள். சண்டை வந்தால் மருந்துப் பை சுமப்பார்கள், காயம்பட்டவர்களைக் கவனிப்பார்கள். ஆனால் கப்பலின் பெயர்ப் பதிவேட்டில் அவர்களுக்கு இடமில்லை.

1847இல் பிரிட்டிஷ் அரசு பழைய கடற்போர்களில் பங்கெடுத்து, இன்னும் உயிரோடு இருந்தவர்களுக்குப் பதக்கம் அறிவித்தது. டிரஃபால்கரில் டிஃபையன்ஸ் கப்பலில் இருந்த ஜேன் டவுன்ஷெண்ட் என்ற பெண்ணும் விண்ணப்பித்தார். முதலில் சரி என்றார்கள், பிறகு மறுத்துவிட்டார்கள். அவர் ஒன்றும் செய்யவில்லை என்பதற்காக அல்ல. அவரைப் போலவே உழைத்த பெண்கள் ஏராளம், ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் வந்து கேட்பார்கள் என்பதுதான் காரணம்!

அதே பதக்கம் டேனியல் டிரெமெண்டஸ் மெக்கென்சி என்ற ஆணுக்குக் கிடைத்தது. 1794 ஜூன் 1 போரை ஒட்டி டிரெமெண்டஸ் என்ற போர்க்கப்பலில் பிறந்தவர். நடுப்பெயரே கப்பலின் பெயர். என்ன பொறுப்பில் பணியாற்றினார் என்பதற்கு நேராக, 'குழந்தை' என்று பதிவு செய்தார்கள். பிறந்த குழந்தைக்குப் பதக்கம் உண்டு. பெற்ற தாய்க்கும் அவளைப் போன்றவர்களுக்கும் கிடையாது.

இது இருநூறு வருடத்துக் கதை மட்டும்தானா என்று யோசித்துப் பாருங்கள். வானொலியில் என் பெயர் உங்களுக்குத் தெரியும். என் குரல் உங்கள் காருக்குள் வந்து சேர, விடியற்காலையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் தொழில்நுட்பரின் பெயர் தெரியாது. உங்கள் அலுவலகத்திலும் இப்படித்தானே? வேலை முடிந்த பிறகு மேடையேறிப் பேசுபவர் ஒருவர், இரவெல்லாம் கணக்கைச் சரிபார்த்தவர் இன்னொருவர். "அவங்க எப்பவும் செய்றதுதானே" என்ற ஒரே வாக்கியத்தில் எத்தனை பேரை மறந்துவிடுகிறோம்! நிறைய பேர் செய்வதாலேயே ஒரு வேலை சின்னதாகிவிடுமா?

அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் பீரங்கி இருந்தது, வண்டி இருந்தது, கயிறு இருந்தது. ஒரு மனிதப் பொம்மைகூட இல்லை. அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கோட்டைக்கோ அருங்காட்சியகத்துக்கோ அழைத்துப் போனால், பீரங்கியில் சாய்ந்து ஒரு படம் எடுங்கள், தவறில்லை. எடுத்து முடித்ததும் அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை வெடிக்க வைக்க எத்தனை பேர் வேணும், சொல்லு பார்ப்போம்?"

அவர்கள் திருப்பிக் கேள்வி கேட்டால், தயவுசெய்து அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடாதீர்கள்.