வட்டி இல்லையென்றால் செலவும் இல்லையா?

உயர்தரப் பெறுபேறு வந்து, இசட் புள்ளி மயிரிழையில் தவறிவிட்டால் மட்டக்களப்பு வீடுகளில் ஒரு பேச்சுக் கிளம்பும்: "பிரைவேட்டில போட்டா என்ன? கவர்மெண்ட் வட்டியில்லாமக் கடன் தருது, கம்பஸ்காரரும் கழிச்சுத் தருவாங்க. பிறகென்ன செலவு?" பிள்ளைமேல் உள்ள பாசத்தில் எழும் பேச்சுத்தான். ஆனால் அதை நம்பிக் குடும்பங்கள் கடனில் மூழ்குகின்றன. உதவி எவ்வளவு என்று கேட்கிறோம். உதவி போக மிச்சம் எவ்வளவு என்று கேட்பதில்லை.

உயர்தரம் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழக இடம் கிடைக்காதவர்களுக்காக 2017இல் அந்தக் கடன் திட்டம் வந்தது. தொடக்கத்தில் கட்டணத்துக்கு உச்சமாக 8 இலட்சம் ரூபா. வேண்டுமானால் சாப்பாடு, தங்குமிடத்துக்கு மேலும் 3 இலட்சம். அந்த 3 இலட்சத்தை நான்கு ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் 6,250 ரூபா. மாலபேயில் அறை எடுத்து, மூன்று வேளை சாப்பிட்டு, விடுமுறைக்கு உதயதேவி ரயிலில் ஊர் வந்துபோக அது எந்த மூலைக்குக் காணும்? உச்சவரம்பு உயர்ந்தாலும் கட்டணமும் கூடவே உயர்கிறது. அரச பல்கலைக்கழக மாணவருக்குக் கிடைக்கும் மகாபொல உதவித்தொகை திருப்பிக் கொடுக்க வேண்டாதது. இதுவோ பின்னாளில் சம்பளத்தில் கைவைக்கக் காத்திருக்கும் கடன்.

கட்டணக் கழிவுக்கும் இதே கதிதான். வெளிநாட்டுப் பட்டம் தரும் கல்லூரிகள் பல, கட்டணத்தில் ஒரு பகுதியைப் பவுண்ஸிலோ டொலரிலோ அறவிடுகின்றன. 2022இல் இரண்டொரு மாதத்துக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டியது. அந்த ஏற்றத்தின் முன் எந்தக் கழிவு நின்றுபிடிக்கும்?

மிச்சப் பணம் எங்கிருந்து வருகிறது? படுவான்கரை விவசாயிக்குப் பெரும்போக அறுவடை முடிந்தால்தான் கையில் காசு. வாவியில் வலை வீசுபவருக்கு இறால் பட்ட நாளில்தான் வரும்படி. தவணைக் கட்டணமோ திகதி தவறாது. அப்போது தாலிக்கொடி அடகுக்குப் போகும், சீட்டுக் கழிவுக்கு எடுபடும், தாய் நுண்கடன் குழுவில் கையெழுத்து வைப்பாள். அதற்கும் மேலே காணி உறுதி. நம் பகுதியில் வீடுவளவு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது வழமை. அண்ணனின் பட்டத்துக்கு அந்த உறுதியை ஈடு வைத்தால், செலவின் பெரும்பங்கைச் சுமப்பவள் அந்த முடிவில் வாய்திறக்க இடமில்லாத தங்கை. வட்டியில்லாக் கடனைப் பயன்படுத்துவதற்கே வட்டிக்குக் கடன் வாங்குகிறோம் என்பதுதான் உண்மைக் கணக்கு.

தனியார் கல்லூரியில் படித்து நல்ல வேலையில் அமர்ந்த நம் பிள்ளைகள் உண்டு. தனியார் படிப்பே வேண்டாம் என்பதல்ல என் வாதம். கையெழுத்துக்கு முன் நான்கு ஆண்டுக்கும் உரிய முழுக் கட்டணத்தையும் எழுத்தில் கேளுங்கள். எந்த நாணயத்தில், பரீட்சைக்கும் பதிவுக்கும் தனியாக எவ்வளவு, படிப்பை இடையில் விட்டால் கடன் என்னாகும் என்று கேளுங்கள். கோவில்குளத்து உயர் தொழில்நுட்ப நிறுவனத்தையும் திறந்த பல்கலைக்கழகத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அவற்றில் படிப்பதைக் கௌரவக் குறைவாக நினைப்பதை விடுங்கள்.

அரசுக்கும் ஒரு சொல். 1945இல் இலவசக் கல்வியை ஏற்ற நாடு இது. தகுதி பெற்ற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இடம் கொடுக்காமல், அந்தக் குறையை ஏழை வீட்டின் கடனாக மாற்றிவிட்டு அதற்கு உதவி என்று பெயர் வைக்கக் கூடாது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் இடங்களைக் கூட்டுங்கள். அதுவே எங்களுக்கு வேண்டிய உதவி.