மூலையில் ஒரு கிடார்

புனேயில் 2010 டிசம்பரில் என்எச்7 வீக்கெண்டர் இசை விழா முதன்முறையாக நடந்தது. ஒரே வளாகத்தில் பல மேடைகள். சொந்தப் பாட்டோடு வந்த இந்தியக் குழுக்களைக் கேட்க இளைஞர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார்கள். முந்தைய தலைமுறை கிடார்காரர்களுக்கு அந்த பாக்கியம் கிட்டவில்லை. அவர்களுக்கு மேடை என்பது ஹோட்டலில் ஒரு மூலை. ரசிகர்கள் என்பவர்கள் சாப்பிட வந்தவர்கள். அந்த மூலையில் ஒரு வாழ்நாளையே கழித்தவர் கார்ல்டன் கிட்டோ.

கிட்டோ 1942ல் பெங்களூரில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். பின்பாட்டு வாத்தியமாக ஒதுங்கியிருந்த கிடாரை ஜாஸில் முன்வரிசைக்குக் கொண்டுவந்த அமெரிக்கர் சார்லி கிறிஸ்டியன், காசநோயால் 25 வயதில் இறந்ததும் அதே ஆண்டில்தான். அவருடைய இசைத்தட்டுகளே கிட்டோவுக்குக் குரு. அவர் தேர்ந்தெடுத்தது ஜாஸிலேயே கடினமான 'பீபாப்' பாணி. இதில் ஸ்வரக்கட்டு ஓரிரு தட்டுக்கு ஒருமுறை மாறும். அந்த ஓட்டத்திலேயே கலைஞர் புதிது புதிதாகக் கற்பனை செய்தாக வேண்டும். கல்பனா ஸ்வரம் பாடும்போது ராகமும் நொடிக்கு நொடி மாறினால் எப்படியோ, அப்படி. ஆடுவதற்கு ஏற்றதல்ல. சாப்பிட்டபடி கேட்பதற்கும் அல்ல.

1973ல் கிட்டோ கல்கத்தா போய்ச் சேர்ந்தார். பார்க் ஸ்ட்ரீட்டின் பொற்காலம் அஸ்தமித்துக்கொண்டிருந்த நேரம். நக்சலைட் கலவரம், மின்வெட்டு, நேரடி இசை நடத்தும் உணவகங்கள் மீது கேளிக்கை வரி என்று அடிமேல் அடி. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறின. ஆனாலும் 'ப்ளூ ஃபாக்ஸ்' உணவகத்தில் பியானோ கலைஞர் லூயி பாங்க்ஸின் குழு கொடிகட்டிப் பறந்தது. பாம் கிரெய்ன் பாட, பிராஸ் கொன்சால்வஸ் சாக்ஸபோன் ஊத, கிடார் கிட்டோவிடம்.

அங்கே வந்து கேட்ட ஆர்.டி. பர்மன், பாங்க்ஸை பம்பாய்க்கு அழைத்துக்கொண்டார். சினிமா, விளம்பரம் என்று பாங்க்ஸ் வளர்ந்தார். 1988ல் தூர்தர்ஷன் வீடுதோறும் கொண்டுசேர்த்த 'மிலே சுர்' பாடலின் இசையமைப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. கிட்டோ கல்கத்தாவை விட்டு நகரவில்லை. மாலையில் ஹோட்டல் வாசிப்பு. மற்ற நேரத்தில் கிடார் வகுப்பு. கல்கத்தா ஸ்கூல் ஆஃப் மியூசிக்கிலும் கற்றுக்கொடுத்தார். ராக் பரவியது, டிஸ்கோ வந்தது, கீபோர்டு ஒன்றே முழுக் குழுவின் வேலையைப் பார்க்கத் தொடங்கியது. அவர் பீபாப்பை விடவில்லை.

பிழைக்கத் தெரியாதவர் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு கலை ஊரைவிட்டுப் போகும்போது, அதைத் தெரிந்த ஒருவராவது அங்கேயே இருந்தால்தான் அடுத்தவருக்குக் கைமாறும். இசைத்தட்டில் காதால் பிடிக்கலாம். விரலைத் திருத்த ஆள் வேண்டும். கிட்டோ தமக்குக் கிடைக்காத அந்த ஆளாகத் தம் மாணவர்களுக்கு இருந்தார்.

இந்திய ஜாஸின் கதையைச் சொல்ல முனைந்த சுஷீல் குரியன், தம் ஆவணப்படத்துக்கு 'ஃபைண்டிங் கார்ல்டன்' என்றே பெயர் வைத்தார். கார்ல்டனைக் கண்டுபிடிப்பது என்று பொருள். 2016 நவம்பரில் இறக்கும்வரை கிட்டோ இருந்தது கொல்கத்தாவில்தான்.