படைமுகமும் அவைமுகமும்

படையிற் பணிபுரிந்து மீண்ட ஒருவர் தேர்தலில் அபேட்சகராக நிற்குங்கால், அவர்தம் விளம்பரத் தாளில் முதற்கண் காணப்படுவது பெரும்பாலும் யாது? சீருடை அணிந்த படமும் மார்பிற் பொலியும் பதக்கங்களுமே. அவர் எத்தெருவின் சாக்கடையைச் செப்பனிடச் செய்தார் என்பது அத்தாளின் அடியிலும் இடம்பெறக் காணோம். நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தவர்க்கு வோட்டு மறுத்தல் நன்றிகொன்ற செயலாகும் என்று நம்மிற் பலர் கருதுகின்றனர். நன்றி வேறு, வோட்டு வேறு என்பதே எம் கருத்து. நன்றியென்பது முடிந்த செயலுக்குச் செலுத்துங் கடன். வோட்டென்பது இனிச் செய்யவேண்டிய செயலுக்கு அளிக்கும் அதிகாரம். முன்னதற்கு ஈடாகப் பின்னதைக் கொடுப்பின் ஊர்க்கும் நலமில்லை, அவ்வீரர்க்கும் நலமில்லை.

தமிழ் பயில்வார்க்கு இஃதொரு புதுமையன்று. வள்ளுவர் பொருட்பாலில் அமைச்சியலைப் பத்து அதிகாரங்களால் விரித்து, அதன் இறுதியில் அவையறிதலையும் அவையஞ்சாமையையும் வைத்தார். பின்னர் நாடும் அரணும் பொருளுங் கூறி, அதன் பின்னரே படைமாட்சியும் படைச்செருக்குங் கூறினார். களத்தில் அஞ்சாதவன் அவையிலும் அஞ்சான் என அவர் எண்ணியிருப்பின், இரண்டினையும் இவ்வாறு வேறுவேறாக வகுத்திரார்.

1815-இல் வாட்டர்லூப் போரில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபுவை அறியாதார் இலர். அதற்கு முன் 1799-இல் நம் தென்னாட்டுச் சீரங்கப்பட்டின முற்றுகையிலும் பங்குகொண்டவர் அவர். 1828-இல் அவர் பிரதம மந்திரியானார். கத்தோலிக்கர்க்குப் பார்லிமெண்டிற் புகும் உரிமை அவர் ஆட்சியிலே 1829-இற் கிடைத்தது. அப்புகழை அவர்க்கு மறுத்தல் தகாது. ஆயினும் வோட்டுரிமை முறையைத் திருத்தல் வேண்டுமென நாடெங்கும் குரல் எழுந்தபோது, உள்ள முறையிற் குறையொன்றுமில்லை என 1830 நவம்பரிற் கூறினார். இரு வாரங்களில் அவர் மந்திரிசபை வீழ்ந்தது. மறு ஆண்டில் மக்கள் அவர் மாளிகையின் பலகணிகளைக் கல்லெறிந்து உடைத்தனர். அவர் அவற்றிற்கு இரும்புக் கதவுகள் இடுவித்தார். போர்க்களத்திற் பகைவர் சேனை எப்பக்கம் நகரும் என்பதை முன்னறிந்தவர்க்கு, லண்டன் தெருவில் மக்கள் மனம் எப்பக்கம் நகர்கின்றது என்பது புலப்படவில்லை.

இனி, அதே நாட்டிற் பிறந்த மற்றொரு வீரரை நோக்குவோம். கிளமெண்ட் அட்லி 1883-இல் வசதி வாய்ந்த குடும்பத்திற் பிறந்து, ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையிற் கற்று, பாரிஸ்டர் ஆனவர். தாம் பயின்ற பள்ளியின் சார்பாகக் கிழக்கு லண்டனில் ஸ்டெப்னி என்னும் பகுதியில் ஏழைச் சிறுவர்க்கென நடைபெற்ற கழகத்துக்கு 1905-இற் சென்றார். பின்னர் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்று அங்கேயே குடியிருந்தார். துறைமுகக் கூலிகளும் தையற்றொழிலாளரும் நெருங்கி வாழும் இடம் அது. போருக்கு முன்னரே அவ்வூர் நகரசபைத் தேர்தலில் நின்று தோல்வியும் உற்றார்.

1914-இற் பெரும்போர் மூண்டதும் படையிற் சேர்ந்தார். அவர் தமையனார் தாமஸோ போர் செய்தல் தம் மனச்சான்றுக்கு ஒவ்வாதெனக் கூறிச் சிறைபுகுந்தார். ஆயினும் இருவர்தம் கடிதப் போக்குவரவு வாழ்நாள் முழுதும் அறவில்லை. சீருடை அணிந்தவரே தேசபக்தர் என்னும் எண்ணம் அத்தகைய வீட்டில் எங்ஙனம் வேரூன்றும்? 1915-இல் கலிப்போலியிற் போர்புரிந்த அட்லி, அவ்வாண்டு டிசம்பரிற் சுவ்லா விரிகுடாவினின்று சேனை பின்வாங்கியபொழுது, கரையை விட்டகன்ற கடைசி மனிதர்க்கு முந்தியவராய் இருந்தார். 1916-இல் மெஸபொத்தேமியாவிற் பகைவர் அகழியைத் தாக்குகையில், தம் தரப்புப் பீரங்கிக் குண்டின் சிதறலாலேயே படுகாயமுற்றார். மேஜர் பதவியுடன் போர்முடிவிற் திரும்பினார்.

எமக்குப் பெரிதாகத் தோன்றுவது இதற்கு மேல் நிகழ்ந்தது. மேஜர் நேரே பார்லிமெண்டின் வாயிலைத் தட்டவில்லை. 1919-இல் ஸ்டெப்னி நகரசபையார் அவரை மேயராகத் தெரிந்தெடுத்தனர். மிகுந்த வாடகை வாங்கிக்கொண்டு, ஒழுகுங் கூரையையும் இடியுஞ் சுவரையும் பாராமுகமாய் விட்டிருந்த வீட்டுக்காரர்க்குச் சட்டப்படி உத்தரவு அனுப்பி, வீடுகளைப் பழுதுபார்க்கச் செய்தது அச்சபை. சுகாதாரப் பரிசோதகர்களையும், வீடுதோறுஞ் சென்று தாய்மாரைக் காணும் பணிப்பெண்களையும் நியமித்தது. குழந்தை மரணம் குறைந்தது. போரினின்று மீண்டு வேலையின்றித் திரிந்த வீரர்க்கு வேலை தேடவும் முற்பட்டது. படையில் மேஜரின் சொல் கட்டளை. நகரசபையிலோ அதே சொல் ஒரு தீர்மானமாகி, எதிர்வாதத்துக்கு ஆளாகி, வோட்டுக்கு விடப்பட்டு, வரவுசெலவுக் கணக்கிற் புகுந்து, அதன் பின்னரே ஒரு குழாயாகவோ ஒரு கூரையாகவோ உருக்கொள்ளும். இந்தப் பொறுமையை எப்படைப் பள்ளியுங் கற்பிப்பதில்லை. 1922-இல் அப்பகுதியைச் சேர்ந்த லைம்ஹவுஸ் தொகுதியார் அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினர். 1950 வரை அவரே அவர்தம் பிரதிநிதி.

நன்றியையும் வோட்டையும் பிரித்தறிந்த ஜனங்கட்கு 1945-ஆம் ஆண்டுத் தேர்தலினும் சிறந்த சான்று இல்லை. சர்ச்சிலும் படைவீரரே, யுத்தத்தை வெற்றியுற நடத்தியவர். அவர் சென்ற இடமெல்லாம் மக்கள் திரண்டு ஆரவாரித்தனர். ஆரவாரித்த பின், அட்லியின் தொழிற்கட்சிக்கு 640 இடங்களுள் 393 இடங்களைக் கொடுத்தனர். இதனை நன்றிகேடு என்பாரும் உளர். வீடும் வேலையும் மருத்துவமும் யார் தருவார் என்னும் வினாவுக்கு அவர்கள் அளித்த விடை அஃது என்போம் யாம்.

ஒழுங்கும் நேர்மையும் படையினின்று வருவனவல்லவோ, லஞ்சம் மலிந்த காலத்தில் அவை வேண்டாவோ எனச் சிலர் வினவலாம். வேண்டுவனவே. ஆயினும் அமெரிக்காவின் தளபதி கிராண்டை நினைக்க. 1869 முதல் 1877 வரை ஜனாதிபதியாய் இருந்த அவர் கைப்பொருளில் ஆசை வைத்தவரல்லர். படையில் தமக்குத் துணையாய் இருந்த பாப்காக் என்பவரை அந்தரங்கக் காரியதரிசியாக வைத்தார். மதுவரி மோசடியில் 1875-இற் பாப்காக் மீது வழக்கு எழுந்தபோது ஜனாதிபதியே அவர் சார்பாகச் சாட்சியம் அளித்தார். தோழனைக் கைவிடாமை களத்தில் மாண்பு. கஜானாவின் அருகில் அதுவே குற்றத்துக்கு நிழலாயிற்று.

அட்லியின் பெயர் நம் நாட்டுக்கும் அந்நியமானதன்று. இந்தியர் ஒருவரும் இல்லாத சைமன் கமிஷனின் அங்கத்தினராய் 1928-இற் கறுப்புக் கொடிகளுக்கிடையே இங்கு வந்தவர், 1947-இற் பிரதம மந்திரியாய் நம் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றினார். அதன்பொருட்டு அவர்க்கு வணக்கம் செலுத்துவோம். ஆனால், 1948 ஜூனுக்குள் என முதலிற் குறித்த நாள் 1947 ஆகஸ்டுக்கு முற்பட்டது, எல்லைக்கோடு சில வாரங்களில் வரையப்பட்டது, இலட்சக்கணக்கானோர் மாண்டனர். சுவ்லாவினின்று உயிர்ச்சேதம் ஏறக்குறைய இன்றிப் படை விலகியதைக் கண்ட கண்கள் இதனையுங் கண்டன. சேனை கப்பலேறிவிடும், குடிகள் எங்கே ஏறுவர்? ஸ்டெப்னியின் வீடுகளை ஒவ்வொன்றாய் அறிந்தவர் பஞ்சாபின் வீடுகளை அறிந்திலர்.

நம் சேனையிற் பணிபுரியுஞ் சிப்பாய்களிற் பலர் நாற்பது வயது நிரம்புமுன்னரே ஓய்வுபெற்று ஊர் திரும்புகின்றனர். உடலில் வலிவும் முன்னே நெடிய காலமும் உள்ளவர்கள். பஞ்சாயத்துகளுக்கு அரசியற் சட்டத்தில் உறுதியான இடம் 1993 முதல் அமைந்துளது. அவர்கள் சட்டசபைக்கோ பார்லிமெண்டுக்கோ நிற்குமுன் தம் ஊர் வார்டில் நிற்க. ஐந்தாண்டு குடிநீர்க் குழாயோடும் தெருவிளக்கோடும் போராடுக. அதன்பின் அவர்கள் நம் வாயிலில் வோட்டுக் கேட்க வருவாராயின், பதக்கத்தைக் காட்டுமுன் அத்தெருவைக் காட்டும்படி யாம் கேட்போம்.