ஒரு பெட்டியில் மூன்று குடித்தனம்

புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒரு மொத்த வியாபாரக் கடை. மாடிப்படிக்குக் கீழே மூன்று பழைய கணினிகள். ஒன்றில் டாலி, ஒன்றில் பில்லிங், மற்றொன்றில் ஊழியர் வருகைப்பதிவு. மூன்றுக்கும் தனித்தனி யுபிஎஸ். இரண்டில் பேட்டரி உப்பிப் போயிருந்தது. மூன்றையும் ஒரே சர்வரில் போட்டுவிடலாம் என்று கணினி விற்பவர் சொல்லிவிட்டுப் போனார். கடைக்காரருக்குத் தூக்கம் வரவில்லை. "ஒரே மெஷின்ல மூணு விண்டோஸ் எப்படி சார் ஓடும்?"

நியாயமான கேள்வி. விலைப்பட்டியலில் இதற்குப் பதில் இருக்காது.

நம் ஊரின் ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். வீடு ஒன்று, அடுப்பு மூன்று. ஒரு குடித்தனத்தில் நடப்பது அடுத்ததற்குத் தெரியாது. யாருக்கு எவ்வளவு இடம் என்று பிரித்துக் கொடுப்பவர் வீட்டுக்காரர். கணினியில் அந்த வீட்டுக்காரருக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். அது பிரித்துக் கொடுக்கும் ஒவ்வொரு பங்கும் தன்னைத் தனிக் கணினி என்றே நம்புகிறது. தனக்கென்று பிராசஸர், ராம், ஹார்டுடிஸ்க் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. அந்த ஹார்டுடிஸ்க் உண்மையில் ஒரு பெரிய கோப்பு, அவ்வளவுதான். எல்லா வசதியும் எல்லா வம்பும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

பிராசஸர் கொல்லைப்புறக் குழாய் மாதிரி. எல்லோரும் ஒரே நேரத்தில் குடத்தை வைப்பதில்லை என்பதால் ஒரு குழாயே மூன்று வீட்டுக்குப் போதும். டாலி ஓடும் கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சாதாரண நாளில் பிராசஸர் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். ராம் அப்படியல்ல, அது அறை. ஒருவருக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். 64 ஜிபி ராம் உள்ள சர்வரில் ஆளுக்கு 16 வீதம் மூன்று பேருக்குக் கொடுத்து, மிச்சத்தை வீட்டுக்காரருக்கு விடுவது நிம்மதி. 32 ஜிபியில் நான்கு குடித்தனம் வைக்கலாம் என்று சொல்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள்.

இது புதுச் சரக்கும் அல்ல. ஐபிஎம் தன் பெரிய இயந்திரங்களுக்கு விஎம்/370 என்ற பெயரில் 1972-லேயே இதை விற்றது. சாதாரண சர்வர்களுக்கு இதைப் பரவலாக்கியது 1998-ல் தொடங்கிய விஎம்வேர்.

லைசென்ஸ் விஷயத்தில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். பெட்டி ஒன்றாகிவிட்டதால் விண்டோஸும் ஒன்று போதும் என்று ஆகிவிடாது. விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு பதிப்பை அந்தப் பெட்டியின் எல்லாக் கோர்களுக்கும் வாங்கினால் இரண்டு குடித்தனத்துக்கு அனுமதி. மூன்றாவது வேண்டுமென்றால் இன்னொரு முறை வாங்க வேண்டும். டாலியைப் பழைய கணினியில் முதலில் சரண்டர் செய்துவிட்டுத்தான் புதிய இடத்தில் உயிர்ப்பிக்க வேண்டும். இதை மறந்துவிட்டுப் பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போட்டவர்களும் உண்டு.

அந்தக் கடைக்கு வருவோம். சர்வர் வந்தது, நன்றாகவே ஓடியது. எட்டாவது மாதம், 20-ஆம் தேதி, ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் நாளில், டாலி நின்றுவிட்டது. பில்லிங்கும் நின்றுவிட்டது. காரணம் ஒரு ஸ்னாப்ஷாட். விண்டோஸ் அப்டேட்டுக்கு முன்னால் பாதுகாப்புக்காக எடுத்தது; பிறகு யாரும் அதை நீக்கவில்லை. "போட்டோ எடுத்து வச்சிருக்கு, பயமில்லைன்னு சொன்னாங்களே சார்?"

பெயர்தான் குழப்புகிறது. ஸ்னாப்ஷாட் நகல் அல்ல. பழைய கோப்பை அன்றைய நிலையில் பூட்டிவிட்டு, அதற்குப் பின் நடக்கும் மாற்றங்களை வேறொரு கோப்பில் எழுதத் தொடங்குவதுதான் ஸ்னாப்ஷாட். அந்த இரண்டாவது கோப்பு நாளுக்கு நாள் வீங்கும். வட்டு நிரம்பினால் அதை நம்பியிருக்கும் குடித்தனங்கள் அத்தனையும் நின்றுபோகும். வட்டே போய்விட்டால் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து போகும்.

கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கில் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் அழியாமல் பதிவாக வேண்டும் என்பது விதி. ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிப் போனால், இடையில் போட்ட கணக்கோடு அந்தத் திருத்தப் பதிவும் காணாமல் போய்விடும். ஆடிட்டர் கேட்டால் என்ன சொல்வது? மின்னணுக் கணக்கின் பேக்கப்பை இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்று 2022-ல் விதியைத் திருத்தியும் இருக்கிறார்கள். பேக்கப் என்றால் வேறு பெட்டி, முடிந்தால் வேறு கட்டடம்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. முன்பு மூன்று கணினியில் ஒன்று நனைந்தால் ஒன்றுதான் போகும். இப்போது மூன்றும் ஒரே மேசைக்கடியில் இருக்கின்றன. சர்வரை முதலில் மாடிக்கு ஏற்றுங்கள்.

எந்த மென்பொருளை எடுப்பது? விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை வாங்கி என்றென்றும் வைத்துக்கொள்ளும் லைசென்ஸை நிறுத்திவிட்டுச் சந்தா முறைக்குப் போனது. இலவசப் பதிப்பு 2024 தொடக்கத்தில் மறைந்து, 2025 ஏப்ரலில் திரும்பி வந்தது. இந்த ஊசலாட்டத்தை நம்பிச் சிறு கடைக்காரர் ஏன் பிழைக்க வேண்டும்? விண்டோஸ் சர்வருடனேயே ஹைப்பர்-வி வருகிறது. லினக்ஸ் தெரிந்த ஆள் கையருகே இருந்தால், வியன்னாவிலிருந்து வரும் ப்ராக்ஸ்மாக்ஸ் நல்ல தேர்வு. விஎம்வேரில் இருப்பவற்றை இறக்கிக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு. ஒரே ஒரு டாலி வைத்திருப்பவருக்கு இது எதுவும் தேவையில்லை. நல்ல கணினி ஒன்றும், வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு ஹார்டுடிஸ்க்கும் போதும்.

அந்தக் கடையில் இப்போது மாதம் ஒருமுறை, பேக்கப்பிலிருந்து டாலியை வேறொரு கணினியில் எழுப்பி, முந்தைய நாளின் கடைசி பில் எண் வருகிறதா என்று பார்க்கிறார்கள். போன மாதம் வரவில்லை. பேக்கப் வட்டின் கேபிள், பெருக்கும்போது கழன்றிருந்தது.