மகனுக்கு லத்தீன் பெயர் வைக்கலாமா?



சில வாரங்களுக்கு முன் பிரசவ வார்டில் காலை ரவுண்ட்ஸ் போய்க்கொண்டிருந்தேன். கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒரு குடும்பம். சுகப்பிரசவம், ஆண் குழந்தை, 2.9 கிலோ. நன்றாகப் பால் குடிக்கிறான்.

குழந்தையின் அப்பா போனை நீட்டினார்.

"சார், மேக்ஸிமஸ்னு வைக்கலாம்னு இருக்கேன். லத்தீன் பேரு. ரொம்பப் பெரியவன்னு அர்த்தமாம். நல்லாருக்கா சார்?"

கட்டிலுக்கு அந்தப் பக்கம் குழந்தையின் தாத்தா.

"டாக்டரய்யா, எங்கப்பா பேரு அந்தோணி. அத விட்டுட்டு வாயில நுழையாத வெளிநாட்டுப் பேரு எதுக்குய்யா?"

"ஐயா, அந்தோணியும் லத்தீன்தான்" என்றேன்.

ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

உண்மைதான் நண்பர்களே. அந்தோணி என்பது அந்தோனியஸ் என்ற பழைய ரோமானியக் குலப் பெயர். கிளியோபாட்ராவோடு சேர்த்துப் பேசப்படும் மார்க் ஆண்டனி அந்தக் குலத்தைச் சேர்ந்தவர்தான். ஆனால் பல தலைமுறையாக நம் கடற்கரையில் புழங்கி, அது நம்மூர்ப் பெயராகவே ஆகிவிட்டது.

விக்டர், வின்சென்ட், மார்ட்டின், லாரன்ஸ், கிளமென்ட், ஜஸ்டின், அகஸ்டின், பெனடிக்ட், இன்னாசி எல்லாமே லத்தீன் வழி வந்தவைதான்.

இதில் நம்மாட்கள் ஒரு படி மேலேயே போயிருக்கிறார்கள்.

பவுல் என்ற பெயரின் மூலம் பவுலுஸ். லத்தீனில் 'சின்னவர்' என்று அர்த்தம். தமிழ்க் கத்தோலிக்கர்கள் அவரை 'சின்னப்பர்' என்று கூப்பிட்டார்கள். பெயரை மொழிபெயர்த்தே வைத்துவிட்டார்கள்!

நம் வீரமாமுனிவரின் இயற்பெயர் கொன்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி. கொன்ஸ்தான்சோ என்றால் உறுதியானவர். தமிழ்நாட்டுக்கு வந்ததும் 'தைரியநாதர்' ஆனார். அவரேதான் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தவர்.

ஆகவே "லத்தீன் பேரு நமக்கு ஒட்டாது" என்ற வாதம் நிற்காது. மாத்திரைச் சீட்டில் நான் எழுதும் ஓ.டி., பி.டி., டி.டி.எஸ்., எஸ்.ஓ.எஸ். எல்லாமே லத்தீன் சொற்களின் சுருக்கம்தான். ஒன்பது மாதம் உங்கள் பிள்ளைக்குச் சோறு போட்ட நஞ்சுக்கொடியை நாங்கள் பிளசென்டா என்கிறோம். அதுவும் லத்தீன். தட்டையான பலகாரம் என்று பொருள்.

சரி, அப்படியென்றால் போனில் வருகிற எந்த லத்தீன் பெயரையும் வைத்துவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள்.

ரோமானியர்கள் ஆட்களுக்குப் பெயர் வைத்த விதம் நம் கிராமத்துப் பட்டப்பெயர் மாதிரி. உடம்பைப் பார்த்து வைப்பார்கள்.

கிளாடியஸ் என்பதற்கு மூலச்சொல் 'கால் ஊனமானவர்' என்பது. சிசில் என்ற பெயரின் மூலம் 'பார்வையற்றவர்' என்ற சொல். கால்வின் 'வழுக்கை' என்ற சொல்லிலிருந்து வந்தது. வாருஸ் என்றால் வளைந்த கால். முட்டி வெளிப்பக்கம் வளைந்த குழந்தைக்கு இன்றைக்கும் நாங்கள் 'ஜெனு வாரம்' என்றுதான் எழுதுகிறோம். மாபெரும் பேச்சாளர் சிசரோவின் பெயருக்கு மூலம் கொண்டைக்கடலை!

இதையெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. பெயரின் பழைய அர்த்தம் குழந்தையின் உடம்பில் இறங்காது. சின்னப்பர் என்று பெயர் வைத்தால் எடை குறையாது. மேக்ஸிமஸ் என்று வைத்தால் உயரம் கூடாது. எடைக்குத் தாய்ப்பால்தான் வழி.

நான் சொல்ல வருவது, "அர்த்தம் நல்லாருக்கு" என்ற ஒரே காரணத்துக்காகப் பெயர் வைக்காதீர்கள் என்பது. அந்தப் பெயரை வாழ்நாள் முழுக்கச் சுமக்கப் போவது குழந்தை.

இவ்வளவு நேரம் மூன்றாவது ஆள் ஒருவர் பேசவே இல்லை. குழந்தையின் அம்மா.

குழந்தையின் கையில் கட்டியிருந்த பட்டையில் அப்போது இருந்தது அவர் பெயர் மட்டும்தான். 'இன்னாருடைய குழந்தை' என்று அம்மா பெயரில்தான் நாங்கள் எழுதுவோம். ஆனால் பெயர் வைக்கும் பேச்சில் அவரை யாரும் கேட்கவில்லை.

"நீ என்னம்மா நெனச்சிருக்க?" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஃபெலிக்ஸ்னு நெனச்சேன் சார். எங்கப்பா பேரு. போன வருஷம் தவறிட்டாரு" என்றார்.

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

"அவருக்கு ரேஷன் கார்டுல பெலிக்ஸ், ஆதார்ல ஃபெலிக்ஸ், பேங்க்ல பீலிக்ஸ் சார். ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப காப்பீட்டுக்கு நாலு நாள் அலைஞ்சோம். அந்தப் பாடு எம்புள்ளைக்கும் வேணாம்னு..."

கணவரும் மாமனாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கும் சட்டென்று பேச்சு வரவில்லை.

நண்பர்களே, இது அந்த ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல. பெயரில் ஓர் எழுத்து மாறியதால் சிகிச்சைக்கான காகிதம் நகராமல் நின்றதை அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் யாரும் பார்த்திருப்பார்கள். ஃ, ஜ, ஸ, ஷ வரும் பெயர்களில் இந்தத் தொல்லை கூடுதல். அதற்காக அப்பாவின் பெயரையே ஒரு பெண் விழுங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

என் கருத்து இதுதான்

👉 பெயர் எந்த மொழியாகவும் இருக்கட்டும். வீட்டில் வயதான ஒருவரை விட்டு அதை உரக்கக் கூப்பிடச் சொல்லுங்கள். அவர் வாயில் எப்படி வருகிறதோ அதுதான் பிள்ளையின் காதில் விழப்போகும் பெயர். அது உங்களுக்குப் பிடித்திருந்தால் வையுங்கள்.

👉 தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதி, அம்மாவும் அப்பாவும் சேர்ந்து சரிபாருங்கள். பிறப்புச் சான்றிதழில் என்ன எழுத்தோ, அதே எழுத்து ஆதாரிலும் பள்ளியிலும் வங்கியிலும் இருக்க வேண்டும்.

👉 அவசரம் வேண்டாம். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆனால் பெயர் இல்லாமலே பதியலாம். 12 மாதம் வரை கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். அதற்காகத் தள்ளிப் போடாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கையில் இருந்து பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை.

👉 எல்லாவற்றுக்கும் முதலில், பெற்றவளைக் கேளுங்கள்.

அந்தக் குடும்பம் டிஸ்சார்ஜ் ஆகும்போது பெயர் இன்னும் முடிவாகவில்லை. ஆனால் கிளம்பும் முன் தாத்தா என்னிடம் வந்து ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்.

"டாக்டரய்யா, அந்த ஃபெலிக்ஸுக்கு இங்கிலீசுல சரியான எழுத்து எதுய்யா? எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். வழக்கமான டாக்டர் கையெழுத்தில் அல்ல, தெளிவாக, தனித்தனி எழுத்தாக.



அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்.