“பாத்து வேல செய்யணும்ல” என்னும் பொய்

கட்டிங் மெஷினில் ஒருவருக்கு விரல் போனால், ரத்தம் நிற்பதற்கு முன்பே நம் ஊரில் தீர்ப்பு வந்துவிடும்: “பாத்து வேல செய்யணும்ல.” சொல்பவருக்கு அது அக்கறை. எனக்கு அது பொய். வேலை கொடுத்தவர் தலையில் இருக்கவேண்டிய குற்றத்தை இறக்கி, கட்டுப் போட்ட கையில் வைக்கிற பொய்.

கணக்கைப் பாருங்கள். நாலு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. வட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஆபத்தை உணர்ந்து கையை இழுக்க நமக்கு ஐந்தில் ஒரு நொடியாவது வேண்டும். அதற்குள் வட்டு 36 முறை சுற்றிவிடும். இதற்கிடையில் எந்தக் கவனம் போய் நுழையும்? சுவிட்சைப் போடுவதற்கு முன்னால்தான் கவனத்துக்கு வேலை. போட்ட பிறகு காப்பாற்றுவது வட்டைப் பாதி மூடியிருக்கும் கார்டுதான்.

அது எங்கே? மடவார் வளாகத்திலிருந்து ராஜபாளையம் வரை வெல்டிங் பட்டறை, மரப்பட்டறை, வீடு கட்டும் இடம் என்று எட்டிப் பாருங்கள். கழற்றி மூலையில் போட்ட கார்டு ஒன்றாவது கண்ணில் படும். பெரிய வட்டு மாட்ட இடிக்கிறது என்று கழற்றியிருப்பார்கள். பெரிய வட்டின் விளிம்பு அதே சுற்றில் இன்னும் வேகமாக ஓடும், தாங்காவிட்டால் உடைந்து பறக்கும். அதே மெஷினில் ரம்ப பிளேடை மாட்டி மரமும் அறுப்பார்கள். பல் மரத்தில் சிக்கினால் மெஷின் உதறிக்கொண்டு ஆள்மேலேயே திரும்பும். தள்ளிப் பூட்டுகிற சுவிட்ச் என்றால் கை விட்ட பிறகும் ஓடும்.

“கார்டு போட்டா வேல ஓடாதுங்க” என்பார்கள். உண்மைதான். சதுர அடிக் கணக்கில் கூலி பேசினால் வேகம்தான் சோறு. அந்தக் கூலியைப் பேசியது யார்?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் மின்சக்தி பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால்தான் எட்டிப் பார்த்தது. 2020-ல் வந்த சட்டத்தொகுப்பு அந்தப் பத்தை இருபதாக்கியது. மூன்று பேர் வேலை பார்க்கும் பட்டறை இரண்டுக்குமே வெளியே. இழப்பீட்டுக்கான 1923 சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு, ஆள்காட்டி விரல் 14, சுண்டுவிரல் 7 என்று இருந்தது. அதே சட்டத்தில் ஒரு விதிவிலக்கும் இருந்தது: கொடுத்திருந்த பாதுகாப்புக் கருவியைத் தொழிலாளி வேண்டுமென்றே அகற்றியதால் காயம் என்றால் முதலாளி பொறுப்பல்ல. உயிர் போனாலோ, முழுமையாக முடங்கினாலோ மட்டும் அது செல்லவில்லை. விரலுக்குச் செல்லுபடியானது. ஆக, அவசரப்படுத்தியவர் தப்பிக்கலாம், கழற்றியவர் மாட்டிக்கொள்வார். “பாத்து வேல செய்யணும்ல” என்பதன் சட்ட வடிவம் இதுதான்.

நான் இருக்கும் மென்பொருள் துறையில் ஒருவர் தப்பான பட்டனை அழுத்தி சர்வர் விழுந்தால், உருப்படியான குழு கேட்கும் முதல் கேள்வி, “அந்தப் பட்டனை அவ்வளவு சுலபமா அழுத்துற மாதிரி ஏன் வச்சோம்?” ஒரு வலைத்தளத்துக்குக் கிடைக்கும் இந்த மரியாதை ஒரு கட்டைவிரலுக்குக் கிடையாது.

ஆயுத பூஜைக்கு அதே மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். கார்டை மட்டும் திருப்பி மாட்ட மாட்டோம். மடவார் வளாகத்து வைத்தியநாதர் திருமலை நாயக்கரின் வயிற்று நோயைத் தீர்த்தார் என்று கதை உண்டு. வெட்டுப்பட்ட விரல் முளைத்ததாக அங்கேயும் கதை இல்லை.

இதைப் படிக்கும் நீங்கள் பட்டறை முதலாளியாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுக்கும் டைல்ஸ் ஒட்ட, கிரில் வைக்க ஆள் வருவார். அன்றைக்கு “கார்டு எங்கண்ணே?” என்று கேளுங்கள். கண் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். மரத்துக்கு மரம் அறுக்கும் மெஷின் வரட்டும், வட்டு மாற்றும்போது பிளக் வெளியே இருக்கட்டும், தோளில் தொங்கும் துண்டு ஓரமாகப் போகட்டும். இதனால் வேலை அரை நாள் நீண்டால், அந்த அரை நாள் கூலியையும் நீங்களே கொடுங்கள். அதைக் கொடுக்காமல் “பாத்து செய்ங்கண்ணே” என்று மட்டும் சொல்லாதீர்கள்.