கால்நடை வைத்திய மாணாக்கரும் கிராம சுகாதாரமும்

கால்நடைகளுக்கு உண்டாகும் வியாதிகளில் பல, அவற்றை வளர்ப்போரையும் பற்றக்கூடியவை. மனிதருக்கு வரும் தொத்து வியாதிகளில் 100-க்கு 60 பங்கு பிராணிகளிடமிருந்து வருவனவே என்று உலகப் பிராணி சுகாதார நிறுவனத்தார் மதிப்பிட்டிருக்கின்றனர். அப்படியிருந்தும், மாட்டின் நோயை மாட்டு வைத்தியரும் மனிதரின் நோயை மனித வைத்தியரும் பார்த்துக்கொள்வர் என்று நாம் இரண்டையும் வெவ்வேறாகவே கருதி வருகிறோம். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வெளியை நிரப்பக்கூடியவர் கால்நடை வைத்தியக் கல்லூரி மாணாக்கரே என்பதும், பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் கிராமத்தார் அவர்களைக் கேட்டு வரவழைத்துக்கொள்ள வேண்டுமென்பதும் எமது அபிப்பிராயம்.

பச்சைமலை அடிவாரத்திலிருந்து கொள்ளிடக்கரை வரையில் உள்ள இப்பிரதேசத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. மக்காச்சோளமும் பருத்தியும் பொய்த்த வருஷத்தில் குடும்பத்தைத் தாங்கி நிற்பவை கறவை மாடும் ஆட்டு மந்தையுமே. தொழுவமோ பெரும்பாலும் வீட்டை ஒட்டியே இருக்கிறது. பால் கறப்பதும், சாணம் அள்ளுவதும், கன்று ஈனும் வேளையில் கை கொடுப்பதும் வீட்டுப் பெண்களும் பண்ணையாட்களுமே. ஆகவே மாட்டுக்கு வரும் தொத்து வியாதி முதலில் எட்டுவது இவர்களைத்தான்.

மூன்று வியாதிகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். முதலாவது வெறிநாய்க்கடி. இதன் குறிகள் தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது. உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இதனால் மாள்வதாக மதிப்பு. மனிதருக்கு இந்நோய் வருவதில் 100-க்கு 99 நாயினாலேயே. லூயி பாஸ்டர் 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி ஒரு சிறுவனுக்கு முதன்முதல் தடுப்பு ஊசி போட்டார். 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. அக்காலத்தில் நாய் கடித்தவர் மலையேறிக் குன்னூருக்குப் போக வேண்டியிருந்தது. இப்பொழுதோ ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஊசி போடப்படுகிறது. கடிவாயைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஊசிக்குச் செல்ல வேண்டும். மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் அப்புவது ஆபத்தை அதிகப்படுத்துமேயன்றிக் குறைக்காது. ஆனால் நோயின் வேரை அறுப்பது, ஊரிலுள்ள நாய்களில் 100-க்கு 70-க்குக் குறையாமல் தடுப்பு ஊசி போடுவதே. தம் ஊரில் எத்தனை நாய்கள் என்று எண்ணி வைத்திருப்பவர் எத்தனை பேர்?

இரண்டாவது கன்றுவீச்சு நோய். சினை மாடு ஐந்தாம் மாதத்துக்கு மேல் கன்றை வீசிவிடுவது இதன் முக்கிய அடையாளம். விழுந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடுவோருக்கும், காய்ச்சாத பாலைப் பருகுவோருக்கும் இது தொத்தும். விட்டுவிட்டு வரும் ஜுரம், வியர்வை, மூட்டுவலி ஆகியவற்றால் வருந்தும் நோயாளி, வேறு ஜுரமென்று எண்ணி மாதக்கணக்கில் வைத்தியம் செய்துகொண்டிருப்பதுண்டு. வீட்டு மாடு கன்று வீசியதா என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. 4 முதல் 8 மாதத்துக் கிடாரிக் கன்றுக்கு ஆயுளில் ஒரு முறை ஊசி போட்டால் போதும். இதற்கென மத்திய சர்க்கார் 2019-இல் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியுள்ளது.

மூன்றாவது அடைப்பான். இக்கிருமியின் வித்துக்கள் மண்ணில் பல பத்தாண்டுகள் அழியாமல் கிடக்கும்; சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண் அவற்றுக்கு மிகவும் ஏற்றது. சுண்ணாம்புக்கல்லுக்குப் பெயர்போன அரியலூர்ப் பக்கத்தார் இதனை மனத்தில் இருத்துதல் நலம். நன்றாக மேய்ந்துகொண்டிருந்த ஆடோ மாடோ திடீரென்று விழுந்து இறந்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த இரத்தம் கசிந்தால், அதனை அறுக்கவோ தோலை உரிக்கவோ கூடாது. செத்தது வீணாகாமல் கூறு போட்டுப் பங்கிடும் வழக்கத்தை இவ்விஷயத்தில் அடியோடு விட்டொழிக்க வேண்டும். வைத்தியர் வந்து பார்த்த பின், உடலைத் திறக்காமல் எரிப்பதோ ஆழப் புதைப்பதோ தக்கது.

மாணாக்கர் இதில் செய்யக்கூடியது யாது? சென்னைக் கால்நடை வைத்தியக் கல்லூரி 1903-இல் தோன்றியது. நமக்கு எட்டும் தூரத்தில் நாமக்கல் கல்லூரி 1985-இலும், ஒரத்தநாட்டுக் கல்லூரி 2012-இலும் ஏற்பட்டன. ஐந்தரை ஆண்டுப் படிப்பில் ஓராண்டு நேர்முகப் பயிற்சி. பிராணிகளிடமிருந்து மனிதருக்குத் தொத்தும் வியாதிகள் அதில் ஒரு தனிப் பாடம். அப்பயிற்சிக் காலத்தில் ஒரு மாதமாவது ஒவ்வொரு மாணாக்கரும் நம் கிராமங்களில் தங்கி, அப்பகுதிக் கால்நடை உதவி மருத்துவரின் மேற்பார்வையில் நாய்களை எண்ணவும், ஊசி போட உதவவும், கன்று வீசிய மாடுகளைப் பதிந்து இரத்த மாதிரி எடுக்கவும், நாட்பட்ட ஜுரமுள்ள வீடுகளைச் சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்கவும் ஏற்பாடு செய்தல் வேண்டும். மாணாக்கர் முன்கூட்டியே வெறிநாய்க்கடித் தடுப்பு ஊசி போட்டுக்கொண்டு வருதல் அவசியம்.

இதற்குச் சில ஆட்சேபங்கள் கூறப்படலாம். மாணாக்கருக்கு அனுபவம் போதாது என்பது ஒன்று. நாம் வேண்டுவது கடினமான சிகிச்சையன்று. எண்ணுதல், கேட்டல், பதிதல் ஆகிய இவற்றுக்குப் பொறுமையும் கவனமுமே தேவை. ஒரு மாதத்தில் போய்விடுவர் என்பது மற்றொன்று. அவர் போனாலும் அவர் எழுதிய பதிவேடு ஊரிலேயே இருக்கும்; அடுத்து வருபவர் அதிலிருந்து தொடங்குவார்.

மூன்றாவது ஆட்சேபத்தை எவரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆயினும் அதுவே பெரிது. நோயென்று பதிவானால் பால் விலைபோகாது, மாடு விலைபோகாது என்னும் அச்சமே அது. அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் கன்று வீசிய மாட்டைச் சொல்லாமல் சந்தையில் விற்பவர், தம் தொழுவத்து வியாதியைப் பிறர் தொழுவத்துக்கு விற்கிறார். அது வேறொரு மாட்டின் வழியாகத் தம் ஊருக்கே திரும்பி வருவதும் உண்டு. மாட்டை விற்றவர் நஷ்டத்துக்குத் தப்பலாம். அம்மாட்டைக் கறக்கும் பெண்மணி ஜுரத்துக்குத் தப்புவதில்லை.

மேலும், தெரிவித்தல் நம் விருப்பத்தைப் பொறுத்ததன்று. 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொத்து வியாதித் தடுப்புச் சட்டப்படி, அட்டவணையில் கண்ட வியாதி இருப்பதாகக் கருதும் உடைமையாளர் கிராம அலுவலருக்கோ பஞ்சாயத்துக்கோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அவர்கள் வாயிலாகச் செய்தி அண்மையிலுள்ள கால்நடை வைத்தியருக்குப் போய்ச் சேர வேண்டும். மேலே கூறிய மூன்று வியாதிகளும் அவ்வட்டவணையில் உள்ளவை. நோய் நிலையை அறியக் கிராம அலுவலர் தம் எல்லையைச் சுற்றிப் பார்க்க வேண்டுமென்றும் அச்சட்டம் கூறுகிறது. மாணாக்கரின் பதிவேடு இக்கடமைக்குப் பெருந்துணையாகும்.

முயன்றால் முடியும் என்பதற்குச் சான்று நம்மிடமே உண்டு. மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்ற வெக்கை நோய் இந்தியாவில் கடைசியாக 1995-இல் தமிழ்நாட்டில் காணப்பட்டது. 2011-இல் உலகெங்கும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஊர் ஊராகச் சென்று ஊசி போட்டதும், நோயைத் தேடிப் பதிந்ததுமே அதனைச் சாதித்தன.

ஆகவே, அடுத்துக் கூடும் கிராம சபையில் மாணாக்கரை அனுப்பக் கோரித் தீர்மானம் நிறைவேற்றி, கால்நடை பராமரிப்புத் துறை மூலம் கல்லூரிக்கு அனுப்புமாறு பஞ்சாயத்துத் தலைவர்களை வேண்டிக்கொள்கிறோம். வரும் மாணாக்கர் தங்க இடம் கொடுத்து, தம் தொழுவத்தை முதலில் திறந்து காட்ட வேண்டியவர்கள் ஊரில் பெரிய பண்ணை வைத்திருப்போரே. அவர்கள் முன்வந்தால் ஒரு மாடு, இரண்டு ஆடு வைத்திருக்கும் ஏழைக் குடியானவரும் அஞ்சாமல் பின்வருவர்.